நான்கு ஊர் தேயிலை, ஒரே கசப்பு: பிளாக் டீயை ருசி பார்த்துத் தரம் பிரிப்பது எப்படி?

கேள்வி சுருக்கமாக: பெங்களூருவில் குடியிருக்கும் ஒருவர் டார்ஜிலிங், அஸ்ஸாம், நீலகிரி, இலங்கை ஊவா என நான்கு வகை இலைத் தேயிலையை நூறு நூறு கிராம் வாங்கியிருக்கிறார். பால் சேர்க்காமல் போட்டுக் குடித்தால் நான்கும் ஒரே கசப்பு. விலையில் மட்டும்தான் வித்தியாசம். நல்லது எது, சுமார் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தேயிலையைக் குறை சொல்வதற்கு முன் ஸ்பூனையும் தண்ணீரையும் பாருங்கள். இந்த ஊரில் பாதிக் குழப்பம் அங்கேதான்.

ஸ்பூன் கணக்கு ஏமாற்றும். முறுக்கிய நீள இலை ஸ்பூனில் இடைவெளி விட்டு உட்காரும், பொடி இலை இறுகி உட்காரும். ஒரே ஸ்பூனில் அள்ளினால் பொடி வகை நீள இலையைப் போல இரண்டு மடங்கு எடைகூட வந்துவிடும். அப்புறம் "அஸ்ஸாம் ஸ்ட்ராங், டார்ஜிலிங் மட்டம்" என்று முடிவு கட்டினால், ருசி பார்த்தது அளவைத்தானே தவிர தேயிலையை அல்ல. 0.1 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வேறு எந்தச் சாமானும் வாங்காவிட்டாலும் இதை வாங்குங்கள்.

தண்ணீர் விஷயம் இன்னும் முக்கியம். பெங்களூருவில் ஒரே தெருவில் ஒரு வீட்டுக்குக் காவிரி, அடுத்த வீட்டுக்கு போர்வெல், அதற்கடுத்த அடுக்ககத்துக்கு டேங்கர், எல்லார் சமையலறையிலும் ஆர்.ஓ. போர்வெல் தண்ணீரில் கால்சியமும் பைகார்பனேட்டும் அதிகம். பைகார்பனேட் தேநீரின் காரத்தன்மையைக் கூட்டுவதால் நிறம் செம்பிலிருந்து மங்கிய காப்பித்தூள் நிறத்துக்குப் போகும், வாசனை அமுங்கும். கால்சியமும் தேயிலையின் பாலிஃபீனால்களும் (துவர்ப்பைத் தரும் பொருள்கள்) காற்றில் சேர்ந்து மேலே ஒரு படலம் கட்டும், கோப்பை ஓரத்தில் பழுப்பு வளையம் விடும். இந்தத் தண்ணீரில் டார்ஜிலிங் முதல் பறிப்பை (ஆண்டின் முதல் கொழுந்தில் செய்தது) போட்டால் அந்தத் தேயிலைக்குப் பேச வாய்ப்பே கிடையாது. அதற்காக ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் நம்பவும் வேண்டாம். டி.டி.எஸ். (லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன என்ற அளவு) 20, 30 என்று உப்பு மிகக் குறைந்த தண்ணீரில் நிறம் பளிச்சென்று வரும். ஆனால் துவர்ப்பு முனைப்பாகக் குத்தும், வாயில் கனம் இருக்காது. என் கணக்கில் 50 முதல் 150 டி.டி.எஸ். வரை சரி. ஆர்.ஓ. தண்ணீரோடு வடிகட்டிய காவிரித் தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலந்தாலே பெரும்பாலும் இந்த வரம்புக்குள் வந்துவிடும். டி.டி.எஸ். மீட்டர் இல்லாதவர்கள் பேக்கேஜ்டு தண்ணீர் ஒரு பிராண்டைத் தேர்ந்தெடுத்து, ருசி பார்க்கும்போதெல்லாம் அதையே பயன்படுத்தலாம். எந்தத் தண்ணீர் என்பதைவிட எல்லாக் கோப்பைக்கும் ஒரே தண்ணீர் என்பதுதான் விதி.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை. ஒரே தேயிலையை இரண்டு கோப்பையில், ஒன்றில் குழாய்த் தண்ணீரிலும் மற்றதில் கலந்த தண்ணீரிலும் போடுங்கள். பெரும்பாலான வீடுகளில் இந்த இரண்டு கோப்பைக்கும் உள்ள வித்தியாசம், இரண்டு தோட்டத் தேயிலைகளுக்கு இடையிலுள்ள வித்தியாசத்தைவிடப் பெரிதாக இருக்கும்.

இன்னொன்று, நகரம் கடல்மட்டத்துக்கு மேல் 900 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் ஏறக்குறைய 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். கெட்டிலை அணைத்து, டப்பாவைத் திறந்து, ஸ்பூனைத் தேடி, ஊற்றுவதற்குள் 90-க்கு இறங்கிவிடும். ஆகவே எல்லாவற்றையும் எடை போட்டுக் கோப்பையில் இட்டபிறகு கெட்டிலைப் போடுங்கள். தளதளவென்று கொதிக்கும்போதே ஊற்றுங்கள். ஏற்கெனவே கொதித்து ஆறிய தண்ணீரைத் திரும்பச் சூடாக்காமல் புதிதாகப் பிடியுங்கள்.

இனி முறை. தேயிலை ருசி பார்க்க ஒரு சர்வதேசத் தரநிலையே இருக்கிறது, ஐ.எஸ்.ஓ. 3103. முதலில் வந்தது 1980-ல். 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் தேயிலை, ஆறு நிமிடம், வெள்ளைப் பீங்கான் பாத்திரம், மூடி. இதன் பிரிட்டிஷ் வடிவமான பி.எஸ். 6008-க்கு 1999-ல் இலக்கியத்துக்கான இக் நோபல் என்ற கேலிப் பரிசு கொடுத்தார்கள், தேநீர் போட ஆறு பக்கமா என்று. கேலி செய்தவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. அது சுவையாக டீ போடும் முறையே இல்லை. தேயிலையின் குறைகளை ஒளிய விடாமல் வெளியே இழுக்கும் முறை. அதனால்தான் அளவும் நேரமும் அவ்வளவு கடுமை. அந்தக் கோப்பையை ரசித்துக் குடிக்க முயலாதீர்கள்.

வீட்டுக்கு ஏற்ற அளவு: ஒரே மாதிரியான வெள்ளைப் பீங்கான் கோப்பைகள் நான்கைந்து, ஒவ்வொன்றும் 150 மில்லி கொள்ள வேண்டும். ஒவ்வொன்றிலும் 2.5 கிராம் இலை. 125 மில்லி கொதிநீர். சாஸரால் மூடி ஐந்து நிமிடம். டைமர் கண்டிப்பாக வேண்டும். கோப்பைகளை முதலில் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிக் கொட்டிவிடுங்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 30 விநாடி இடைவெளி விட்டு ஊற்றினால், வடிகட்டும்போதும் அதே 30 விநாடி இடைவெளியில் வரிசையாக வடிக்கலாம். வடிகட்டிய சாயம் வேறொரு வெள்ளைக் கிண்ணத்துக்கு. ஈர இலையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், சாஸரில் கவிழ்த்து அந்தந்தக் கிண்ணத்தின் முன்னாலேயே வையுங்கள். பிளாஸ்டிக் வடிகட்டி வேண்டாம், அதில் பழைய மசாலா டீயின் ஏலக்காய் குடியிருக்கும்.

அளவைக் குறைத்து நேரத்தைக் கூட்டுவதும் அளவைக் கூட்டி நேரத்தைக் குறைப்பதும் ஒன்றல்ல. வாசனைப் பொருள்கள் முதல் இரண்டு மூன்று நிமிடத்திலேயே பெரும்பாலும் இறங்கிவிடும், துவர்ப்புப் பொருள்கள் பின்னாலேயும் வந்துகொண்டிருக்கும். எனவே இலை குறைவு, நேரம் அதிகம் என்றால் வாசனையில்லாத துவர்ப்பே மிஞ்சும். கேள்வியில் சொன்ன "எல்லாமே ஒரே கசப்பு" பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் சொல்லவே வேண்டாம்.

நேரம், இடம் பற்றி: காலை பத்து, பதினொரு மணி வாக்கில், ஜன்னல் வெளிச்சத்தில். மஞ்சள் எல்.இ.டி. விளக்கின் கீழ் எல்லாச் சாயமும் செம்பு நிறமாகத்தான் தெரியும். தாளிப்பு வாசம், ஊதுபத்தி, சென்ட் மூன்றும் விரோதிகள். ஃபில்டர் காபி குடித்தால் ஒரு மணி நேரமாவது தள்ளிப்போடுங்கள், அதன் வறுத்த கசப்பு நாக்கை விட்டு அவ்வளவு லேசில் போகாது. இடையிடையே வெதுவெதுப்பான தண்ணீரும் உப்பில்லாத பொரியும் போதும்.

ருசி பார்க்கும் வரிசை மெல்லியதிலிருந்து கனத்துக்கு. டார்ஜிலிங் முதல் பறிப்பு, நீலகிரி, ஊவா, அஸ்ஸாம் என்று போகலாம். சி.டி.சி. (எந்திரத்தில் நசுக்கி மணியாக்கிய தேயிலை) இருந்தால் அஸ்ஸாம் ஆர்த்தடாக்ஸுக்கு (இலையை முறுக்கி உருட்டிச் செய்யும் பழைய முறை) பிறகு. பைன் மரப் புகையில் உலர்த்தும் சீனத்து லாப்சாங் சூச்சோங் கையில் இருந்தால் கட்டக் கடைசியில், முடிந்தால் வேறு நாளில்.

சாயம் 50 டிகிரிக்கு இறங்கட்டும். சுடச்சுட வாயில் விட்டால் நாக்கு மரத்துப்போகும். குழிவான ஸ்பூனில் கொஞ்சம் எடுத்து, சத்தம் வரும்படி காற்றோடு சேர்த்து உறிஞ்சுங்கள். வீட்டில் இப்படிக் குடித்தால் திட்டு விழும், ஆனால் இங்கே அந்தச் சத்தம்தான் வேலை செய்கிறது. திரவம் துளித்துளியாகச் சிதறி வாய் முழுக்கப் படும், வாசனை தொண்டைக்குப் பின்வழியாக மூக்குக்கு ஏறும். மூன்று நான்கு விநாடி வாயில் சுழற்றி, துப்பிவிடுங்கள். துப்பின பிறகு வாயை மூடி மூக்கால் மூச்சை விடுங்கள். நல்ல தேயிலையில் அப்போதுதான் இரண்டாவது வாசனை வரும்.

ஒரு சுற்று முடிந்ததும் இருபது நிமிடம் கழித்து, எல்லாம் ஆறின பிறகு, இன்னொரு சுற்று. சூடு பல குறைகளை மறைக்கும். புளிப்பு, பூஞ்சை வாடை, புகை எல்லாம் ஆறினால்தான் முகம் காட்டும். கடையில் சுடச்சுடக் கொடுக்கும் சாம்பிளை மட்டும் வைத்து அரைக் கிலோ வாங்கக் கூடாது.

இப்போது என்ன பார்ப்பது. உலர்ந்த இலையில் ஆரம்பித்தாலும் அதற்கு அதிக மார்க் போடாதீர்கள். வெள்ளைத் தாளில் ஒரு பிடி பரப்பினால் அளவு சீராக இருக்கிறதா, முறுக்கு இறுக்கமாக இருக்கிறதா, சிவந்த காம்பும் நாரும் எவ்வளவு கலந்திருக்கின்றன என்பவை தெரியும். இரண்டு விரலுக்கு நடுவே அழுத்தினால் மொறுமொறுவென்று நொறுங்க வேண்டும். உலர்த்தி எந்திரத்திலிருந்து வெளிவரும்போது தேயிலையில் ஏறக்குறைய 3 சதவீதம்தான் ஈரம் இருக்கும், வளைந்து கொடுத்தால் அது வெளியிலிருந்து ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். இலைமேல் கருமைக்குப் பதில் சாம்பல் பூத்தாற்போல் இருந்தால் சலிக்கும்போது அளவுக்கு மீறி உரசியிருக்கிறார்கள்.

பாக்கெட்டில் எஃப்.டி.ஜி.எஃப்.ஓ.பி., ஓ.பி., பி.ஓ.பி. என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அடிப்படையில் அது இலையின் அளவும் தோற்றமும், எவ்வளவு தங்க நிறத் துளிர் இருக்கிறது என்பதும்தான். ஓ.பி. என்றால் முழு நீள இலை, பி.ஓ.பி. என்றால் உடைந்த இலை, எஃப் என்று முடிந்தால் அதைவிடச் சின்னது, அதற்கும் கீழே டஸ்ட். நன்றாகச் செய்த பி.ஓ.பி., சுமாராகச் செய்த எஃப்.டி.ஜி.எஃப்.ஓ.பி.யைக் கோப்பையில் தோற்கடித்துவிடும். அதே தோட்டம், அதே பருவம் என்றால் மட்டுமே கிரேடை வைத்து விலையை ஒப்பிடலாம்.

நிறைய உண்மையைச் சொல்வது ஈர இலை. விஷயம் தெரியாதவர்கள் முதலில் கொட்டிவிடுவதும் அதைத்தான். சாஸரில் கவிழ்த்த உடனே மூக்கை நெருக்கமாக வைத்து ஒரு முறை, இரண்டு நிமிடம் கழித்து ஒரு முறை முகருங்கள். நன்றாகப் புளிக்கவைத்த தேயிலையின் ஈர இலை புதுச் செம்புக் காசு போல மின்னும் (புளிக்கவைப்பது என்று தொழிலில் சொன்னாலும் நடப்பது நொதியால் ஏற்படும் ஆக்ஸிஜனேற்றம்தான்). கருத்து மங்கி இருந்தால் ஆக்ஸிஜனேற்றம் அதிகமாகிவிட்டது, அல்லது உலர்த்தும்போது வெந்துவிட்டது. அங்கங்கே பச்சை, அங்கங்கே கருப்பு என்று திட்டுத்திட்டாக இருந்தால் வாட்டுவதும் (பறித்த இலையின் ஈரத்தைக் குறைப்பது) உருட்டுவதும் சீராக நடக்கவில்லை, அல்லது முற்றிய இலையும் இளசும் கலந்து பறித்திருக்கிறார்கள். டார்ஜிலிங் முதல் பறிப்பு மட்டும் விதிவிலக்கு. அதன் இலையை மிகக் கடுமையாக வாட்டுவதால் ஆக்ஸிஜனேற்றம் முழுமையடையாது, ஈர இலை பச்சையாகத்தான் இருக்கும். அதே பச்சை அஸ்ஸாமில் இருந்தால் அது குறை.

சாயத்தைப் பார்க்கும்போது நிறத்தின் அடர்த்தியை மட்டும் பார்க்காமல் அது பிரகாசமாக இருக்கிறதா என்று பாருங்கள். பிளாக் டீயின் குணத்தை இரண்டு கூட்டுப் பொருள்கள் பெரிதும் தீர்மானிக்கின்றன. தியாஃப்ளேவின், ஆரஞ்சு-மஞ்சள் பளபளப்பையும் நாக்கைச் சுண்டும் உயிர்ப்பையும் கொடுப்பது. தியாருபிஜின், செம்பழுப்பு நிறத்தையும் கனத்தையும் கொடுப்பது. ஆக்ஸிஜனேற்றம் ஓரளவுக்கு மேல் நீண்டால் முன்னது குறைந்து பின்னது கூடும். நிறம் ஏறும், உயிர் போய்விடும். எனவே "சாயம் நல்லா இறங்குது" என்பது தரத்துக்குச் சான்று ஆகாது. கிண்ணத்தின் ஓரத்தில், திரவம் பீங்கானைத் தொடும் இடத்தில் பொன்னிற வளையம் தெரிந்தால் நல்ல அறிகுறி. ஆறினபிறகு சாயம் பாலாடை நிறத்தில் கலங்கினாலும் பயப்பட வேண்டாம். தியாஃப்ளேவின் போன்ற பாலிஃபீனால்கள் கஃபீனோடு சேர்ந்து திரள்வது அது, நல்ல அஸ்ஸாமில் எதிர்பார்க்க வேண்டியதும்கூட. சேற்று நிறத்தில் கலங்கினால் தண்ணீரையோ தேயிலையையோ சந்தேகப்படலாம்.

வாயில் முதலில் பிரிக்க வேண்டியது கசப்பையும் துவர்ப்பையும். கசப்பு ஒரு சுவை. துவர்ப்போ வாய் முழுதும் இறுக்கிப் பிடிக்கும் உணர்ச்சி, பாலிஃபீனால்கள் உமிழ்நீர்ப் புரதத்தோடு சேர்வதால் வருவது. வாழைப்பூவையும் பாகற்காயையும் பிரிக்கத் தெரிந்த நாக்குக்கு இது கஷ்டமே இல்லை. பிளாக் டீயில் துவர்ப்பு இருந்தாக வேண்டும். கேள்வி, அது எப்படிப் போகிறது என்பது. சுருக்கென்று பிடித்து, பத்துப் பதினைந்து விநாடியில் விட்டு, உமிழ்நீர் ஊறவைத்தால் அதைத்தான் பிரிஸ்க் என்பார்கள். பிடித்த பிடி விடாமல் நாக்கைச் சொரசொரப்பாக்கினால் அது முரட்டுத் தேயிலை. எந்தப் பிடிப்பும் இல்லாமல் வெந்நீர் மாதிரி இறங்கினால் தட்டை, பெரும்பாலும் பழசு.

அடுத்தது கனம். சாயம் வாயில் தண்ணீராக ஓடுகிறதா, சற்றுக் கெட்டியாக நிற்கிறதா என்பது இது. கடைசியாக வாசனை, அது ஊருக்கு ஊர் வேறு. ஒவ்வொரு தேயிலையையும் அதனதன் இனத்தோடு ஒப்பிட வேண்டும் என்பதை இங்கே அழுத்திச் சொல்லியாக வேண்டும். டார்ஜிலிங்கில் அஸ்ஸாமின் கனத்தைத் தேடினால் இரண்டையுமே தப்பாகத்தான் எடை போடுவோம்.

டார்ஜிலிங் முதல் பறிப்பு பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை. வெளிர்பொன் சாயம், பூவும் பச்சை இலையும் கலந்த வாசனை, கொஞ்சம் துவர்ப்பு. இரண்டாம் பறிப்பு மே, ஜூனில். இதன் புகழ்பெற்ற மஸ்கடெல் வாசனை எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்குத் தமிழ்நாட்டிலேயே விடை இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை மஸ்கட் வகைதான். அதை நசுக்கி முகர்ந்த நினைவு இருந்தால் போதும். பெங்களூர் நீலத் திராட்சையை வைத்துத் தேடாதீர்கள், அது வேறு இனவழி, வாசனையும் வேறு. இந்த வாசனைக்குப் பின்னால் பச்சைத் தத்துப்பூச்சிகளின் வேலை இருக்கிறது. இளந்துளிரை அவை உறிஞ்சும்போது செடி தற்காப்புக்குச் சில வாசனைப் பொருள்களைக் கூடுதலாக உருவாக்கும். டார்ஜிலிங் பெயரில் வேறு மலைத் தேயிலை விற்கப்படுவது உண்டு. எல்லைக்கு அப்பால் நேபாளத்தின் இலாம் தேயிலை மிக நெருங்கிய உறவு, தன்னளவில் நல்லதும்கூட. ஆனால் டார்ஜிலிங் விலை கொடுக்கிறீர்கள் என்றால் பாக்கெட்டில் தோட்டத்தின் பெயரும், இரண்டு இலை ஒரு மொட்டைப் பிடித்திருக்கும் பெண்ணின் பக்கவாட்டு முகம் போட்ட தேயிலை வாரிய முத்திரையும் இருக்க வேண்டும்.

அஸ்ஸாமில் பார்க்க வேண்டியது மால்ட் வாசனை. வீட்டில் முளைகட்டி வறுத்து அரைத்த ராகி மாவில் வருமே, அந்தப் பக்கத்து வாசனை. மே கடைசியிலிருந்து ஜூன் வரை பறித்த இரண்டாம் பறிப்பில்தான் இது உச்சம், தங்கத் துளிரும் அப்போது அதிகம். ஜூலைக்குப் பிறகு வரும் மழைக்காலத் தேயிலையில் சாயம் இருக்கும், குணம் குறையும்.

ஊவாவின் நல்ல சரக்கு ஜூலை முதல் செப்டம்பர் வரை வறண்ட காற்று அடிக்கும்போது பறித்தது. அதில் மெல்ல வலித்தைல வாசனை வரும். பிரமை இல்லை, மீதைல் சாலிசிலேட் என்ற அதே பொருள்தான் இரண்டிலும். அந்தப் பருவம் தவறிய ஊவா, நல்ல இலங்கைத் தேயிலையாக இருக்கலாம், ஆனால் ஊவா என்ற பெயருக்குக் கொடுக்கும் கூடுதல் காசுக்கு நியாயம் இருக்காது.

நீலகிரியைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், பெங்களூருக்கு மிக அருகில் விளைந்தும் இங்கே அதிகம் மதிப்பில்லாதது அது. சிறு விவசாயிகளின் பசுந்தேயிலையை வாங்கி அரைக்கும் தொழிற்சாலைகளின் சி.டி.சி. டஸ்டைக் குடித்தே பலரும் நீலகிரி என்றால் மட்டம் என்று முடிவு செய்துவிட்டார்கள். நீலகிரி ஆர்த்தடாக்ஸை, அதுவும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனிக் காலத்தில் பறித்ததை, மேலே சொன்ன முறையில் வடித்துப் பாருங்கள். செடி மெதுவாக வளரும் காலம் அது. தெளிந்த ஆம்பர் நிறம், பூ வாசனை, மென்மையான துவர்ப்பு. கனம் நடுத்தரம்தான், அதை எதிர்பார்க்க வேண்டாம். குறை சொல்வதென்றால், இதில் வாசனை சீக்கிரம் போய்விடும். பழைய சரக்கு என்றால் பெயருக்கு நீலகிரி. தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைத் தேயிலையும் இதே குடும்பம், சற்றுக் கூர்மை அதிகம். என் தீர்ப்பு: 100 கிராமுக்குக் கொடுக்கும் பணத்தையும் கோப்பையில் கிடைப்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த நால்வரில் புதிதாகப் பறித்த குளிர்கால நீலகிரிதான் முதலிடம்.

சி.டி.சி. தனி உலகம். 1930-களில் அஸ்ஸாமின் அம்குரி தோட்டத்தில் வில்லியம் மெக்கெர்ச்சர் கொண்டுவந்த அந்த எந்திரம் இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டி மணியாக்கும். சாயம் சட்டென்று இறங்கும், மெல்லிய வாசனைகள் நிற்காது. பாலுக்காகவே பிறந்தது, அதனால் பாலோடுதான் தீர்ப்பு சொல்ல வேண்டும். 125 மில்லி சாயத்துக்கு 2.5 மில்லி பால் போதும். நல்லதாக இருந்தால் பொன்-செம்மண் நிறமாக மலரும், மட்டமாக இருந்தால் சாம்பல் பூசின மாதிரி ஆகும். பாலின் கேசீன் என்ற புரதம் துவர்ப்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும், அதன் பிறகும் நாக்கில் சுருக்கென்ற பிடிப்பு மிஞ்சுகிறது என்றால் அது நல்ல சி.டி.சி. இஞ்சி, ஏலக்காய் போட்ட டீயை வைத்துத் தேயிலையை எடை போடவே முடியாது.

வழக்கமான குறைகளும் காரணங்களும். வேகவைத்த கீரை போல மங்கிய வாசம் வந்தால் உலர்த்தி எந்திரத்தில் சூடு போதாமல் இலை வெந்துவிட்டது. ரொட்டி கருகிய வாசம் என்றால் சூடு மீறிவிட்டது. லேசான கருகல், ஈரத்தில் கெடாமல் இருக்கச் சிலர் வேண்டுமென்றே செய்வதும் உண்டு, அது சில வாரத்தில் கொஞ்சம் அடங்கும். லாப்சாங் இல்லாத தேயிலையில் புகை வந்தால் அடுப்பிலிருந்து உலர்த்திக்குள் கசிவு. பச்சைப் புல் நெடியும் நாக்கில் காரலும் சேர்ந்தால் வாட்டல் போதவில்லை. புளிப்பு வந்தால் புளிக்கவைக்கும் தரை சுத்தமில்லை, அல்லது அதிக நேரம் கிடந்துவிட்டது. பூஞ்சை வாடையும் சாக்கு வாடையும் தொழிற்சாலைக்குப் பிறகு, கிடங்கிலோ கடையிலோ ஏறியவை.

இந்தக் கடைசி விஷயம் பெங்களூருவில் ரொம்பப் பொருந்தும். மல்லேஸ்வரம், பசவனகுடி, ஜெயநகர் பக்கம் காபிக்கொட்டை வறுத்து அரைக்கும் கடைகளிலேயே தேயிலையும் சில்லறையாகக் கிடைக்கும். தேயிலை பக்கத்திலிருக்கும் எந்த வாசனையையும் உறிஞ்சிக்கொள்ளும். திறந்த டப்பாவிலிருந்து அள்ளிக் கொடுத்தால் அதில் காபி வாசம் சேர்ந்திருக்கத்தான் செய்யும். அங்கே வாங்கினால் தோட்டத்திலோ மொத்த வியாபாரியிடமோ சீல் வைத்த பாக்கெட்டைக் கேளுங்கள். "எந்த மாசத்துச் சரக்கு?" என்று கேட்டு, பேக்கிங் தேதியைச் சொல்லி மழுப்பினால், பறித்த பருவத்தைக் கேளுங்கள். பதில் தெரியாத கடையில் 50 கிராமுக்கு மேல் வாங்காதீர்கள். சில்லறை டஸ்டில் சாயப்பொடி கலப்படச் சந்தேகம் இருந்தால், வடிதாளில் கொஞ்சம் பரப்பித் தண்ணீர் தெளித்து, பிறகு தூளை அலசிவிட்டுத் தாளை வெளிச்சத்தில் பாருங்கள். தாளில் சாயம் திட்டாகப் பிடித்திருந்தால் அந்தக் கடைக்குத் திரும்பப் போக வேண்டாம்.

விலையையும் கிலோவுக்குப் பார்க்காமல் கோப்பைக்குப் பாருங்கள். கிலோ 2,000 ரூபாய்த் தேயிலை என்றாலும் 2.5 கிராமுக்கு 5 ரூபாய்தான். நல்ல முழு இலை இரண்டாவது தடவையும் ஒரு நல்ல கோப்பை தரும், டஸ்ட் தராது.

விலையும் பெயரும் தெரிந்தே ருசி பார்த்தால் நாக்கு அதற்கேற்பப் பேசும், யாருக்கும் அப்படித்தான். ஆகவே வித்தியாசம் நிஜமா என்று உறுதிப்படுத்த மூன்று கோப்பைச் சோதனை வையுங்கள். வீட்டில் ஒருவரை, இரண்டு கோப்பையில் ஒரு தேயிலை, மூன்றாவதில் வேறு தேயிலை என்று உங்களுக்குத் தெரியாமல் ஊற்றி வைக்கச் சொல்லி, தனித்து நிற்பது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். குருட்டாம்போக்கில் சரியாக வர மூன்றில் ஒரு வாய்ப்பு இருப்பதால் ஒரு தடவை போதாது. ஐந்து தடவையில் நான்கு தடவையாவது சரியாக இருந்தால், அது தற்செயலாக நடக்க நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவான வாய்ப்புதான். அதை எட்ட முடியாவிட்டால் இரண்டில் விலை குறைந்ததை வாங்குவதே சரி.

குறிப்பு எழுதும்போது பத்துக்கு ஏழு, எட்டு என்று எண் போட்டால் மறுவாரம் உங்களுக்கே புரியாது. ஈர இலை நிறம், சாயத்தின் பிரகாசம், துவர்ப்பு எப்படி விட்டது, ஆறினபிறகு என்ன வாசனை என்று நான்கு வரி போதும். பலாச்சுளை, சந்தனம், நனைந்த வைக்கோல் என்று உங்கள் மூக்கு சொல்வதையே எழுதுங்கள், தேநீர்க் கடைப் பட்டியலில் வரும் ஹனிசக்கிள் பூவை நம்மில் பெரும்பாலோர் முகர்ந்ததே இல்லை.

சரக்கை மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில், மசாலா அலமாரிக்கும் அடுப்புக்கும் தள்ளி வையுங்கள். ஃப்ரிட்ஜ் வேண்டாம், எடுத்துத் திறக்கும்போதெல்லாம் ஈரம் படியும். முதல் பறிப்பை ஆறு மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. அஸ்ஸாம் ஒரு வருடத்துக்கு மேலும் தாங்கும். ஒவ்வொரு இனத்திலும் உங்களுக்குத் திருப்தியான ஒன்றிலிருந்து 25 கிராமைத் தனிப் பொட்டலமாகக் காற்றுப் புகாமல் கட்டி, பெயரும் தேதியும் எழுதி ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். புதுப் பாக்கெட் வாங்கும்போதெல்லாம் அதிலிருந்து 2.5 கிராம், புதியதிலிருந்து 2.5 கிராம், பக்கம் பக்கமாக வடியுங்கள். வைத்திருந்தது தட்டையாகிவிட்டது என்று தெரிந்த அன்றே, அந்தப் பருவத்துப் புதுச் சரக்கில் நல்லதாகப் பார்த்து அந்த இடத்தில் வையுங்கள்.